பார்க்கலாம் சாரைப் பழக்கிய சாம்பி

மனிதர்களை வைத்து வளர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதிலும் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் என்றால் தனிப் பொறுமை வேண்டும். சாம்பி என்கிற சாம்பல் நிறப் பூனைக்கு அந்தப் பொறுமை பிறவியிலேயே இருந்தது.

அதற்கு வாய்த்தவர் கட்டட அனுமதி அலுவலகத்தின் துணை இயக்குநர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதனால் அவருக்குப் பார்க்கலாம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் கால் கடுக்க நிற்பார்கள். இந்தப் பக்கம் அவர் பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். தையல்காரர் ஒருவர் கடைக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை கட்ட அனுமதி கேட்டிருந்தார். மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்த அவர் மகள் இப்போது அப்பாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறாள்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் சாம்பி வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

முதல் பாடம் கதவு. ஜன்னல் கண்ணாடியைச் சாம்பி முன்னங்காலால் டக் டக்கென்று தட்டும். ஆரம்பத்தில் அவர் வழக்கம்போல "பார்க்கலாம்" என்றார். சாம்பி கோபப்படவில்லை. இஸ்திரி போட்டு வைத்திருந்த அவர் சட்டையின் மேல் ஏறிப் படுத்து, பொத்தான்களை நிதானமாகப் பிய்த்தது. அதன்பின் டக் என்றாலே போதும், மனிதர் துள்ளி எழுந்து கதவைத் திறந்தார். திறந்தால் சாம்பி வெளியே போகுமா என்றால் போகாது. வாசற்படியில் நின்று தெருவை மேற்பார்வையிட்டுவிட்டு உள்ளே திரும்பிவிடும். வேலை நடப்பதா முக்கியம்? ஆள் எழுந்திருக்கிறாரா என்பதுதான் முக்கியம். சரியாகச் செய்தால் காலில் ஓர் உரசல் கிடைக்கும். தினமும் கிடையாது. தினமும் கொடுத்தால் மரியாதை போய்விடும்.

அடுத்த பாடத்தில் நாற்காலி கைமாறியது.

"என்னங்க, நாற்காலிய விட்டுட்டு ஏன் முக்காலியில உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"அது தூங்குதும்மா."

"எழுப்புங்களேன்."

"எழுப்பலாம். ஆனா அதுக்கு மொகம் வாடிடுது."

அந்தம்மாள் யோசித்தாள். அவள் சிநேகிதிகள் எல்லார் வீட்டுக்கும் பூனை மனவள ஆலோசகர் வந்துபோகிறார். தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்பது அவளுக்கு ரொம்ப நாளாக உறுத்தல். வரவழைத்துவிட்டாள்.

கசங்கிய சட்டையை வேண்டுமென்றே போட்டிருந்த அந்த ஆலோசகர், தரையில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். சாம்பி ஜன்னலைத் தட்டியது. ஆலோசகர் எழுந்து கதவைத் திறந்தார். சாம்பி பார்த்துவிட்டுத் திரும்பியது. மறுபடி தட்டியது. மறுபடி திறந்தார்.

"ஏதாவது புரியுதா?" என்றாள் அம்மாள்.

"உங்க பூனை ஆழமான ஒரு தேடல்ல இருக்கு."

"எதைத் தேடுது?"

"அதை நாமதான் தேடணும்."

பொத்தானுக்குச் சேதம் இல்லாமல் தேறிய முதல் மனிதர் என்பதால், சாம்பி அவர் காலில் தாராளமாகவே உரசியது.

இந்த அளவோடு நின்றிருந்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை. ஒரு நாள் தையல்காரர் தைத்தது பாதி, விட்டது பாதியாக அலுவலகத்துக்கு ஓடிவந்தார். விரலில் மாட்டியிருந்த இரும்பு உறையைக் கழற்ற மறந்துவிட்டார். அதே விரலால் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். டக் டக்.

பார்க்கலாம் சார் துள்ளி எழுந்தார். பக்கக் கதவை அகலத் திறந்தார்.

"என்ன வேணும்?"

"மனு... சார்..."

"குடுங்க." கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது. வேலையை முடித்துவிட்டு அவர் ஒரு காலை முன்னே நீட்டி ஆவலோடு நின்றார்.

தையல்காரர் அந்தக் காலையே பார்த்தார். "பேன்ட் நீளம் குறைக்கணுமா சார்?"

விஷயம் வரிசையில் பரவியது. ஆளாளுக்குத் தட்டினார்கள். தட்டியவருக்கெல்லாம் கையெழுத்து கிடைத்தது. சாயங்காலம் கூடம் காலி. அதன் பிறகுதான் ஜனங்களுக்குப் பயம் வந்தது.

"கேட்டதும் குடுத்துட்டாரா? அப்ப அது செல்லாத கையெழுத்தா இருக்கும்யா."

"எங்க மாமா சாகுற வரைக்கும் நின்னாரு. அவரென்ன கூறுகெட்டவரா?"

எல்லாரும் கூடிப் புகார் எழுதினார்கள்: 'உரிய தாமதமின்றி அனுமதி வழங்கி, பொதுமக்களை ஆழ்ந்த மன உளைச்சலுக்கு உள்ளாக்கியமை குறித்து.' முதல் கையெழுத்து தையல்காரருடையது. பாவம், அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

விசாரணைக் குழு கூடியது.

"ஜனங்க கேட்ட அன்னைக்கே கையெழுத்துப் போட்டது உண்மையா?"

"உண்மைதான்."

"யார் தூண்டுதல்?"

பார்க்கலாம் சாருக்கு வேர்த்தது. பூனை என்று சொன்னால் உத்தியோகத்தோடு புத்தியும் போய்விட்டது என்பார்கள். "கை தவறிடுச்சு சார். இனிமே நடக்காது," என்றார்.

குழு இரக்கப்பட்டு, உத்தியோகத்தில் கை வைக்காமல், நிதானப் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. அங்கே காலையிலிருந்து மாலை வரை ஒருவர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார். எழுந்திருக்காமல் இருப்பதுதான் பாடம். பார்க்கலாம் சார் முதல் மாணவராகத் தேறினார். அவர் கொடுத்த அனுமதிகள் ரத்தாயின. தையல்காரர் ஓடிப்போய் வரிசையில் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் உசுரு வந்துச்சு," என்றார்.

முகாம் முடிந்து வந்தவர் வீட்டு நாற்காலியிலும் ஏறி அமர்ந்தார். சாம்பி கண்ணாடியைத் தட்டியது. அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டியது. பேனா மூடி கழன்றது, மாட்டிக்கொண்டது. சட்டைகளைத் தேடிப் போனால் எல்லாம் பீரோவுக்குள் இருந்தன.

சாம்பி திரும்பி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. முதலில் அவமானமாகத்தான் இருந்தது. பொழுது போகப்போக, அப்படி ஒன்றும் மோசமில்லை என்று பட்டது. அப்போது பக்கத்து வீட்டுக் கடுவன் பூனை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நைசாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது.

சாம்பி முதுகை வளைத்து, மயிர் சிலிர்க்கச் சீறியது.

வரிசையில் முதல் ஆள் சாம்பிதான்.