பூட்டண்ணை இடித்த கார்

டென்மார்க்கில் இருக்கும் இலங்கைத் தமிழர்களில், இன்னொரு தமிழரைப் பார்த்தவுடன் "ஊரிலை எவடம்?" என்று கேட்காத ஒரே மனிதர் பூட்டண்ணைதான். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறார். இதுவரை யாரிடமும் ஊர் கேட்டதில்லை, யாருடைய மகன் என்று கேட்டதில்லை, கல்யாணம் ஆயிற்றா என்றுகூடக் கேட்டதில்லை. நான் கோயம்புத்தூர்க்காரன். கோப்பன்ஹேகனுக்கு வந்த முதல் வாரத்தில் இப்படி ஒரு தமிழரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. எங்கேயோ எதையோ செய்துவிட்டு இங்கே வந்து ஒளிந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம்தான் புரிந்தது, அது அவருடைய வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டிடத்தில், நாலாம் மாடியில், நாங்கள் ஆறு பேர் ஓர் ஆராய்ச்சிக் குழு. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது, அவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை அவர்களுடைய ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் என்ன செய்கிறது, குழந்தை மாதம் நிறைந்து பிறக்கிறதா, எடை சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கிருமி ரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கிவிடும், குழந்தைக்குப் போகாமலும் காப்பாற்றிவிடலாம் என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். என் வேலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புள்ளிவிவரம் பார்ப்பது. பூட்டண்ணையின் வேலை அந்தப் பெண்களோடு பேசுவது. ஃபோன் செய்வார், மொழிபெயர்ப்பார், வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வருவார்.

பூட்டண்ணை என்பது நான் வைத்த பெயர். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அலமாரியைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து ரொட்டியும் சீஸும் சாப்பிடுவது ஆபீஸ் வழக்கம். பேச்சு வேலைப் பக்கம் திரும்புகிற மாதிரித் தெரிந்தால், வாயில் ரொட்டியோடு எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். நாலாம் மாடி ஜன்னல், கீழே சைக்கிள் நிறுத்துமிடம்தான். பெண்களுக்குப் பெயருக்குப் பதிலாக ஓர் எண் கொடுத்திருப்போம். லிஃப்டில் ஒருமுறை வாய் தவறி அப்படி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டேன். "நம்பரும் ஒரு பேர்தான் தம்பி" என்றவர், அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு லிஃப்டில் ஏறவே இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். கணவருக்கு ஆஸ்பத்திரிச் சாவிகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்றுதான் அவர் மனைவி பல வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். என்னிடமே ஒரு நாள், இவ்வளவு சாவியையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாமா தம்பி என்று வருத்தப்பட்டார். நான் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே போகும்போது இன்னும் மோசம். ஆஸ்பத்திரி ஆள் என்று அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை ஒரு கருவிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, தோளில் வாஷிங் மெஷின் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். ஒருநாள் மேல்வீட்டு டேனிஷ்காரர் படியில் மறித்து, என்னுடைய மெஷினையும் கொஞ்சம் பாருங்கள் என்று உள்ளே இழுத்துக்கொண்டுபோய்விட்டார். பூட்டண்ணை குளியலறையில் இருந்து எனக்கு ஃபோன் போட்டார். இணையத்தில் வீடியோவைத் தேடி நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் ஒரு மணி நேரம் போராடி அதை ஓட வைத்துவிட்டார். அடுத்த தடவை போனபோது மூன்றாவது மாடியிலும் ஒருவர் காத்திருந்தாராம்.

மனிதருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தது என்றால் அது கார் ஓட்டுவதில்தான். டென்மார்க்கின் மேற்குப் பகுதியான ஜுட்லாந்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் லாரிகள்கூட அவரை முந்திக்கொண்டு போகும். ஒரு கீறல் இல்லை, ஓர் அபராதம் இல்லை. ஊர்க் கொண்டாட்டங்களில் அவர் தானாக வாயைத் திறந்து பேசும் ஒரே விஷயம் அதுதான்.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுதலாமா என்று பூட்டண்ணையிடமும் கேட்டேன், இதில் வரப்போகும் பெண்ணிடமும் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சரி என்றாள். பூட்டண்ணை நான்கு நாள் யோசித்துவிட்டு, ஊரை மாற்று, கொண்டாட்டத்தை மாற்று, நடந்ததையும் வேறு ஏதாவதாக மாற்று என்றார். எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு ஊர் ஜுட்லாந்தில் கிரின்ஸ்டெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு எடுத்த முதல் ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது. கணவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் இரண்டு தமிழ் அக்காமார் இருந்ததால், அங்கே போகப் பயந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். வெளியே தெரிந்தால் என் வீட்டில் ஒருவரும் தேத்தண்ணி குடிக்க மாட்டார்கள் என்றாள். தெரிகிற மாதிரி இருந்தால் வருவதையே நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னாள். தலைமை டாக்டர், நிதானமான டேனிஷ் அம்மா, அன்று எங்களை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார்: இவள் பயந்து மாத்திரையை விட்டால் ஆபத்து குழந்தைக்கு, அதனால் இவளுடைய ரகசியமும் மருந்தில் சேர்த்திதான். அவளுடைய ஃபோனில் மாத்திரை நேரம் குறிக்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தது நான். இரண்டு தடவை பார்த்துப் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, அதே ஜுட்லாந்தில் ரண்டர்ஸ் என்ற ஊரில் ஒரு கல்யாணம். பூட்டண்ணையின் சொந்தக்காரர்கள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகும் வழியெல்லாம் பாடம் நடந்தது. மண்டபத்தில் நமக்குத் தெரிந்த பெண் யாராவது இருந்தால் தெரியாது, பார்த்தால் பார்க்கவில்லை. நானும் அவரைப் போலவே ஓம் ஓம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டு வரிசையில் கத்தரிக்காய்க் குழம்புக்குப் பக்கத்தில் தட்டோடு அவள் நின்றாள். எங்கள் பக்கத்தில், தெரிந்த முகத்தைக் கல்யாணத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் விசாரிக்காமல் போனால் அது பெரிய மரியாதைக்குறைவு. அந்த வளர்ப்பு என் வாயைத் திறந்துவிட்டது.

"என்னம்மா, நல்லா இருக்கீங்களா? ஆஸ்பத்திரியில பாத்தது, அப்புறம் காணவே இல்லையே" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் காரில் நடந்த பாடம் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்குப் பின்னால் மஞ்சள் சேலை கட்டிய ஓர் அக்கா நின்றார். நல்ல மனுஷி, யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் சோறு கொண்டுபோவார். ஆனால் அவர் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் ஜுட்லாந்து முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். இந்தத் தம்பி கோப்பன்ஹேகன் ஆளல்லவா, நீ கிரின்ஸ்டெட் பக்கம்தானே காட்டுகிறாய், அங்கே எந்த ஆஸ்பத்திரி, எதற்கு என்று அக்கா வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். கேட்டது அக்கறையில்தான். வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போது பின்னால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"அதை நான் சொல்லுறன் அக்கா" என்றார் பூட்டண்ணை. "இந்தப் பிள்ளையின்ரை காரை நான்தான் இடிச்சனான். கோப்பன்ஹேகனுக்குச் சாமான் வாங்க வந்திருந்தவை. கார் பார்க்கிலை பின்னுக்கு எடுக்கேக்கை நான் பாக்கேல்லை. வயித்திலை பிள்ளை எண்டதாலை பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினனான். இந்தத் தம்பியும் காரிலை இருந்தவர்."

அவ்வளவுதான். எல்லோரும் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். பிள்ளைத்தாச்சியின் காரைப் போய் இடித்தீரே, கண்ணை எங்கே வைத்திருந்தீர் என்று அக்கா ஆரம்பிக்க, ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். முப்பது வருஷமாக அவருடைய கீறல் படாத கதையைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்தவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. பாயசம் வருவதற்குள் பெண்வீடு, மாப்பிள்ளைவீடு, சமையல்கட்டு எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது. ஆஸ்பத்திரியைப் பற்றி அப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. பூட்டண்ணை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடல் மேல் போகும் பெரிய பாலத்தைத் தாண்டும்போது, "இனி அவ வருவாவோ தெரியேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு எங்களிடம் வர வேண்டிய நாள். வரவில்லை. ஃபோன் எடுக்கவில்லை. கணவனும் எடுக்கவில்லை. நான் தலைமை டாக்டரிடம் போய் என் வாய் செய்த வேலையை ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளுடைய கோப்பை எடுத்துத் திறந்தார். நேரில் போய்ப் பார்க்கட்டுமா என்று பூட்டண்ணையிடம் கெஞ்சினேன். நாம் போய்க் கதவைத் தட்டினால் இன்னும் பயந்துவிடுவாள், அவளாக வர வேண்டும் என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறக்காத ஒரு குழந்தைக்கு நான் கெடுதல் செய்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தாள். பூட்டண்ணையைப் பார்த்ததும் அழுதாள், பிறகு சிரித்தாள்.

"எல்லாரும் உங்களைத்தான் திட்டுகினம் அண்ணை. என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றாள்.

கேட்கவில்லை, ஆனால் பார்க்க வந்துவிட்டார்கள். இடிபட்ட பிள்ளைத்தாச்சி ஆயிற்றே. மஞ்சள் சேலை அக்கா தலைமையில் மூன்று நாள் சோறும் கறியும் பழமுமாக வீடு நிறைய ஆட்கள். யார் எந்த அலமாரியைத் திறப்பார்களோ என்று பயந்து, ஃபோனை அணைத்துவிட்டு, மாத்திரைப் போத்தலைக் காரின் பின்பெட்டியில் உபரிச் சக்கரத்துக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறாள். கணவன் அது தெரியாமல் அந்தக் காரையே எடுத்துக்கொண்டு தொலைதூரத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டான், அங்கே உள்ளே ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள். திரும்பி வந்தது மூன்றாம் நாள். ஆக, ஊரின் வாயை மூடப் பூட்டண்ணை சொன்ன பொய் மூன்று நாள் மாத்திரையைத் தின்றுவிட்டது.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாள். முதல் நாள் பூட்டண்ணை அலமாரியை எத்தனை தடவை பூட்டி இழுத்துப் பார்த்தார் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலமாரி திறந்தே கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நானே எழுந்துபோய்ப் பூட்டினேன்.

மத்தியானம் டாக்டர் கதவைத் திறந்து, கிருமி தென்படவில்லை என்றார். பூட்டண்ணை எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது, எடையும் சரியாக இருந்தது. பிறந்ததும் ஒரு சோதனை, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. கடைசிச் சோதனை வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

பூட்டண்ணையின் பெயர்தான் போனது போனதுதான். ரண்டர்ஸ் முதல் கோப்பன்ஹேகன் வரை அவர் இப்போது "இடிச்ச அண்ணை". மனைவி அவரோடு காரில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்கிறார். மகள் டேனிஷ் மொழியில் கறாராகப் பேசி அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள் வெளியே தெரிந்தால் பொய் கெட்டுவிடும் என்று மகளிடம் கெஞ்சி வாங்கி, ஆபீஸ் மேசைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

போன மாதம் ஜுட்லாந்தில் ஒரு பிறந்தநாள் விழா. அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். குழந்தைக்கு இப்போது மூன்று வயது, மேசைகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் சேலை அக்கா கதையை மறுபடி ஆரம்பித்து, இவர் காரை எடுக்கும்போது பிள்ளைகளை உள்ளே பிடித்துவையுங்கள் என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. பூட்டண்ணையும் சிரித்தார். பிறகு எழுந்து நேராக அந்தப் பெண்ணிடம் போனார். எங்கள் ஆராய்ச்சியில் இருக்கும் பெண்களில் ஒருத்தியிடம்கூட அவர் வெளியிடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசவும் முடியாது. இவள் ஒருத்தியிடம் பேசலாம். காரை இடித்தவர் நலம் விசாரித்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

"பிள்ளை சுகமோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"ஓம் அண்ணை, நல்ல சுகமா இருக்கிறாள்."

அந்த ஒரு பதிலைக் கேட்பதற்காக அவர் இப்படி ஒவ்வொரு விழாவுக்கும் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார். அதைக் கேட்கத்தான் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.