‘ஓஃப் பண்ணாதீங்க’ அண்ணனும் என் காரின் விக்கலும்

மலாக்கா மாநிலத்தில் ஒருவரைக்கூட நிம்மதியாகக் காரை நிறுத்தவிடாத மனிதர் என்று ஒருவர் இருந்தாரென்றால், அது எங்கள் ‘ஓஃப் பண்ணாதீங்க’ அண்ணன்தான். அடையாள அட்டையில் அவருக்கு வேறு ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளச் சீட்டு கொடுக்கும் நாளில் யாராவது அந்தப் பெயரை வாசிப்பார்கள். “யாருப்பா இது?” என்று ஆபீஸே தேடும். அவரும் சேர்ந்து தேடுவார்.

ஆயர் குரோவில் ஒரு லாரிக் கம்பெனி ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை. அண்ணன் அங்கே ஸ்டோர் கீப்பர். ஸ்டோரின் ஜன்னல் நேராகக் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்திருக்கும். அந்த ஸ்டோரை அவருக்குக் கொடுத்தவர் யாரோ, அவருக்கு எங்கள் மேல் தீராத கோபம் இருந்திருக்க வேண்டும். காலையில் நாம் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைக்கச் சாவியில் கை வைத்ததும் ஜன்னலிலிருந்து குரல் வரும்.

“ஓஃப் பண்ணாதீங்க! ஓஃப் பண்ணாதீங்கலா!”

கையில் நீளமான ஸ்க்ரூட்ரைவரோடு ஓடிவருவார். பானெட்டைத் திறக்கச் சொல்லுவார். ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். நாம் லேட்டாகிக்கொண்டிருப்போம். அவருக்குத் தெரிந்த எஞ்சின் நோய்கள் மொத்தமே நான்கு: இருமல், விக்கல், கொட்டாவி, பெருமூச்சு. “உங்க வண்டிக்கு லேசா இருமல் இருக்கு, பிளக் பாத்துக்குங்க” என்பார். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும். அதுதான் தொல்லை. எப்போதும் தப்பாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கும் ஓடி ஒளிய வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் கணக்குப் பிரிவுப் பையனின் கல்யாணத்தில் நடந்ததை இன்றைக்கும் ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்கள். அலோர் காஜாவில் கோயில் மண்டபம். மாப்பிள்ளை வந்த கார் மண்டப வாசலில் வந்து நின்றது. முகப்பு முழுக்க ரோஜாவும் ரிப்பனும். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னே வந்துவிட்டார்கள். திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு பட்டுச் சட்டையில் ஒரு உருவம்.

“ஓஃப் பண்ணாதீங்க!”

டிரைவர் மிரண்டுபோய் அப்படியே இருந்தார். அண்ணன் பூ அலங்காரத்தை வழித்தெடுத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தார். அன்றைக்கு ஸ்க்ரூட்ரைவர் இல்லை. வாத்தியக்காரரிடம் சீவாளி குத்தும் ஊசி இருக்கிறதா என்று கேட்டார். நாதஸ்வரம் நின்றது. ஆரத்தி கையில் கனத்தது. ஐயர் உள்ளிருந்து, “முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது” என்று கத்திக்கொண்டே வந்தார். முழுசாகப் பத்து நிமிடம். பிறகு அண்ணன் நிமிர்ந்தார், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஒன்னுமில்ல தம்பி. அருமையான எஞ்சின். நல்லா இருங்க.”

இவ்வளவு செய்கிற மனிதரிடம் சொந்தமாகக் கார் கிடையாது. அதைவிடப் பெரிய வேடிக்கை, லைசென்ஸும் கிடையாது. ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில்தான் வருவார். கார் ஓட்டும் டெஸ்டுக்கு நான்கு தடவை போயிருக்கிறார். நான்கு தடவையும் ஃபெயில். முதல் தடவை, கிளம்பச் சொன்ன அதிகாரியிடம், “துவான், மூணாவது பிளக் வேலை செய்யல” என்று மலாயில் சொல்லி, காரைக் கிளப்ப மறுத்துவிட்டார். இரண்டாவது தடவை மேட்டில் ஏறும்போது சத்தம் கேட்பதற்காகக் கண்ணை மூடிவிட்டார். மற்ற இரண்டையும் அவர் சொல்லமாட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அப்போது என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. பெயர் வேண்டாம், அந்தக் காருக்கே வயசான காலத்தில் எதற்கு அவமானம். ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சிவப்பு விளக்கில் நின்றால் போதும், குலுங்கும். ஸ்டீயரிங் நடுங்கும். கண்ணாடி நடுங்கும். சில நேரம் அப்படியே உயிரை விட்டுவிடும். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க, நான் சாவியைத் திருகிக்கொண்டிருப்பேன்.

தனியாகப் போகிறபோது அது வெறும் எரிச்சல். ஆனால் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு நாள் மையத்து வேன் வந்து கூட்டிப்போகும். சனிக்கிழமை நான்தான். புக்கிட் பெருவாங்கிலிருந்து டவுனுக்குப் போவதற்குள் எத்தனை சிவப்பு விளக்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் பின்சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிடுவார். காரைக் கிளப்ப முருகன் சில நேரம் இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

மெக்கானிக் ஆ செங்கிடம் மூன்று முறை காரை விட்டேன். நல்ல மனிதர், ஏமாற்றத் தெரியாதவர். பிளக் மாற்றினார். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயைச் சுத்தம் செய்தார். தன் பட்டறைச் சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அந்தச் சந்தில் சிவப்பு விளக்கே கிடையாது. திரும்ப வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்டால், எஞ்சின் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த நாள் மாதிரி அடக்க ஒடுக்கமாக ஓடும்.

“தாக் அடா மசாலா” என்றார் ஆ செங். மலாயில், ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “மசாலா இல்லைன்னுதான் எனக்கே தெரியுதே. உப்பு சப்பில்லாத வண்டி” என்றார்.

சிரித்தோம். ஆனால் அடுத்த சனிக்கிழமை அம்மா கிளம்பவில்லை. புடவைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு வேணாம்டி. ஒரு நாள் போகலன்னா ஒன்னும் ஆகாது. நடு ரோட்டுல நின்னு சாவறதுக்கு நான் வீட்லயே இருந்துக்கறேன்.”

ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கால் வீங்கிப்போய் மூச்சு வாங்கியது. அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்து காரை நிறுத்தினேன். வழக்கமான குரல் வந்தது. அண்ணன் ஓடி வந்தார். நான் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டீயரிங் மேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அவர் ஸ்க்ரூட்ரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“என்னம்மா தங்கச்சி, யாரும் ஏதும் சொல்லிட்டாங்களா?”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “சனிக்கிழமை நானும் வர்றேன். சந்தி பக்கத்துல நிக்கிறேன், ஏத்திக்குங்க” என்றார்.

அப்படி முதல் சனிக்கிழமை வந்தார். முன்சீட்டில் ஏறியதும் டாஷ்போர்டில் காதை வைத்துவிட்டார். அம்மாவுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“யாருடி இது? தூக்கக் கலக்கமா?” என்று அம்மா கேட்டார்.

சிவப்பு விளக்கு வந்தது. கார் குலுங்கியது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“இருமல் இல்ல. இது விக்கல்!”

“விக்கல்னா யாராச்சும் நெனைக்கணுமே” என்றார் அம்மா. “இந்த வண்டிய யாரு நெனைப்பா? இதை இவ தலையில கட்டிக் காசு வாங்கிட்டுப் போன மனுஷனா?”

அண்ணன் காதை எடுத்துவிட்டு முதல் தடவையாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு பிளாஸ்டிக் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து டாஷ்போர்டில் வைத்தார். தண்ணீர் எப்படி ஆடுகிறது என்று பார்க்கவாம். இரண்டாவது சிவப்பு விளக்கில் அது அவர் மடியில் கொட்டியது. டயாலிசிஸ் மையத்தில் நனைந்த கால்சட்டையோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த நர்ஸ் மிகுந்த பரிவோடு அவருக்கு ஒரு துண்டு கொடுத்து, கழிப்பறை இருக்கும் பக்கத்தைக் காட்டினார். அம்மா மெஷினில் படுத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததைப் பார்த்து, ரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று அந்த நர்ஸே வந்து அதட்டினார்.

மூன்றாவது வாரமும் தோல்விதான். ஆனால் அன்று காலை நான் எழுந்தபோது அம்மா குளித்து, புடவை கட்டி, வாசலில் நின்றிருந்தார்.

“சீக்கிரம் கெளம்புடி. அந்தக் காதுகாரத் தம்பி இன்னைக்கு எதைக் கொட்டிக்கறான்னு பாக்கணும்.”

நான்காவது சனிக்கிழமை மையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டோம். வழியெல்லாம் விக்கல். வாசலில் காரை நிறுத்தி, கியரை எடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டேன். வண்டி சமர்த்தாகிவிட்டது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எனக்கே தோத்துப்போன மாதிரி இருக்கு, தங்கச்சி.” பிறகு, என்ன தோன்றியதோ, பின்பக்கம் திரும்பினார். “பெரியம்மா, உங்களுக்கு என்னா கேக்குது?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

“சொன்னா மட்டும் நம்புவீங்களாக்கும். காருக்குள்ள பாம்பு இருக்கு. ஸ்ஸ்னு சீறுது. இவ காலுகிட்டதான். ரெண்டு மாசமா சொல்றேன், ஏர்கான் சத்தம்ங்கறா. முப்பது வருசம் ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டினவ நான். பாம்பு சத்தம் எனக்குத் தெரியாதா?”

உண்மைதான். சொல்லியிருக்கிறார். வயசானவர் என்று நானும் கேட்டு விட்டுவிட்டேன்.

அண்ணன் இறங்கி, சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். தரையில் முட்டி போட்டு, என் காலருகே தலையை விட்டார். லைசென்ஸ் உள்ள ஒருவர் கேட்டிருக்கவே முடியாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“தங்கச்சி, சிவப்பு விளக்குல நிக்கிறப்போ உங்க காலு எங்க இருக்கும்?”

“எங்க இருக்கும்? பிரேக்குலதான்.”

“வர்க்‌ஷாப்ல?”

“ஹேண்ட்பிரேக் போட்டுட்டு எறங்கிடுவோம்.”

“இப்ப பிரேக்க அமுக்குங்க.”

அமுக்கினேன். ஸ்ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். உடனே எஞ்சின் விக்கியது. காலை எடுத்தேன். அடங்கியது. மறுபடி அமுக்கினேன். சீறல், விக்கல்.

“அதான்! அந்தப் பாம்புதான்!” என்று பின்னாலிருந்து அம்மா கத்தினார். மையத்து வாசலில் நின்றவர்கள் நாலு அடி தள்ளிப் போனார்கள்.

விஷயம் இதுதான். பிரேக்கை லேசாக அமுக்கினாலே வண்டி நிற்பதற்கு ஒரு வட்ட டப்பா உதவுகிறது. பிரேக் பூஸ்டர் என்பார்கள். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் பலத்தில் அது வேலை செய்யும். அதற்குள் இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தது. நான் பிரேக்கை அமுக்கும்போதெல்லாம் அந்தக் கிழிசல் வழியே வேண்டாத காற்று எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அதுதான் குலுக்கல்.

அண்ணன் எழுந்து முட்டியைத் தட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இப்ப ஓஃப் பண்ணுங்க. இனிமே இதை ஓட்டாதீங்க.”

அவர் வாயிலிருந்து ‘ஓஃப் பண்ணுங்க’ என்று நான் கேட்டது அன்றுதான். சாவியைத் திருகி அணைத்தேன்.

அம்மா மெஷினில் இருந்த நேரத்தில் ஆ செங் வந்து காரை இழுத்துப்போனார். மாலையில் போன் செய்தார். எப்போதும் வாயில் இருக்கும் அந்த மசாலா அன்றைக்கு வரவில்லை. ரப்பர் முழுசாகக் கிழிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றார். கிழிந்திருந்தால் பிரேக் கல்லு மாதிரி ஆகியிருக்கும், மேட்டிலிருந்து இறங்கும்போது உங்கள் காலால் தாங்கியிருக்காது என்றார். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். “எங்கம்மா” என்றேன். அண்ணனிடம் கேட்டாலும் அதையேதான் சொல்லுவார்.

வாடகைக் காரில் வீடு திரும்பினோம். முன்சீட்டில் அண்ணன் ஐந்து நிமிடம்தான் பொறுத்தார். “அங்கிள், உங்க வண்டி லேசா பெருமூச்சு விடுது” என்று தொடங்கிவிட்டார். அம்மா பின்னாலிருந்து, “ஆமா, எனக்கும் கேக்குது” என்றார்.

அண்ணன் இப்போது ஓய்வு பெற்று, கோலா சுங்கை பாருவில் தங்கை வீட்டில் இருக்கிறார். அங்கே மீன்பிடிப் படகுகளுக்கும் மோட்டார் உண்டு என்பது அந்த மீனவர்களின் விதி. நான் அவரை நினைக்கும்போது கல்யாண மண்டபமோ தண்ணீர்க் கிளாசோ முதலில் வருவதில்லை. கார் சரியான அடுத்த சனிக்கிழமைதான் வருகிறது.

அன்று காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. சந்தியை நெருங்கும்போது பார்த்தால், துவைத்து மடித்த சட்டையோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். காரை ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினேன்.

“அண்ணே, கார்தான் நல்லாயிடுச்சே. மறந்துட்டீங்களா?”

“நான் காருக்கு வரலம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் பின்கதவைத் திறந்தார்.

அம்மா அதற்கு முன்பே தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.