அண்ணாந்து அங்கிளின் ஒயின் பார்

உலகத்தில் ஒயினை அண்ணாந்து குடித்த ஒரே மனிதர் எங்கள் அண்ணாந்து அங்கிள்தான். மறுப்பவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முயன்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

கலிஃபோர்னியாவில் நாங்கள் இருந்த சான் ரமோனிலிருந்து காரில் அரை மணி போனால் லிவர்மோர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அங்கே ஆறே மேஜை போட்டு ஒரு ஒயின் பார் நடத்தினார். திருச்சிக்காரர், உதடு பட்டால் எச்சில் என்று வளர்ந்தவர். எவ்வளவு உசத்தியான ஒயினாக இருந்தாலும் கிளாஸை ஒரு சாண் உயரம் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் வாயில் ஊற்றிக்கொள்வார். இதுதான் இந்தியாவின் பழைய டேஸ்டிங் முறை என்று வெள்ளைக்காரர்கள் பக்தியோடு நம்பி, தாங்களும் முயன்றார்கள். மூக்கில் போனது, காதில் போனது. கடைசியில் அங்கிளே சலூன் மாதிரி எல்லார் கழுத்திலும் துண்டு கட்டிவிட ஆரம்பித்தார்.

எனக்கு வேலை போனது அப்போதுதான். ஹெச்-1பி விசா, அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி சித்ராவிடம் சொல்லத் தைரியமில்லை. தினமும் ஆபீஸ் போவதுபோல் கிளம்பி, அங்கிளின் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து அப்ளை பண்ணுவேன்.

நாலாம் நாள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒயின் பார்ல வந்து தயிர்சாத டப்பாவைத் திறக்கிறவன் நீ ஒருத்தன்தான்பா. வேலை போயிடுச்சா?"

"இல்ல அங்கிள், வொர்க் ஃப்ரம் ஹோம்."

"இது யாரோட ஹோம்?"

உண்மையைச் சொன்னேன்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"டைம் பார்த்து சொல்றேன் அங்கிள்."

"ஏன், ராகு காலம் முடியணுமா?"

அன்றிலிருந்து என் மானம் கப்பலேறியது. துண்டு கட்டிய ஒவ்வொருவரிடமும் "வெரி குட் இன்ஜினியர், எனி ஓப்பனிங்?" என்று என்னைக் காட்டினார். ஒரு பல் டாக்டரைக்கூட விடவில்லை.

"அவர் டென்டிஸ்ட் அங்கிள்."

"இருக்கட்டுமே. கம்ப்யூட்டர் வெச்சிருப்பார்ல?"

முப்பதாம் நாள் கதவைத் திறந்துகொண்டு சித்ரா வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. முந்தின நாள் டப்பாவைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கிய அங்கிள், உள்ளே கடை அட்ரஸை எழுதி வைத்திருக்கிறார்.

"நான்தாம்மா வரச் சொன்னேன். திட்டுறதுன்னா திட்டு. ஆனா அவன் சாப்பிட்டதும் திட்டு."

அவள் திட்டவில்லை. "சொல்லியிருந்தா நானும் கூட உட்கார்ந்திருப்பேன்ல?" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் ரெஸ்யூமேவைப் படித்தாள். "இது நம்ம பழைய போன் நம்பராச்சே?" என்றாள். பழைய ரெஸ்யூமேவை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பது நாளாக என்னைக் கூப்பிட்டவர்கள் யாருடன் பேசினார்களோ, அந்தப் பெருமாளுக்கே வெளிச்சம்.

நம்பரை மாற்றினோம். ஐம்பதாம் நாள் வேலை கிடைத்தது.

மறுநாளே அங்கிளிடம் சொல்வதற்காக இருவரும் ஓடினோம். அது சனிக்கிழமை, வார நாளில் மட்டுமே போன எனக்கு அந்தக் கூட்டம் புதிது. உட்கார இடமில்லாமல் ஜனங்கள் கழுத்தில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஓரத்து மேஜை மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் 'ரிசர்வ்டு' என்று ஒரு அட்டை.

"இது யாருக்கு அங்கிள்?"

"உனக்குத்தான். தினமும் வைப்பேன், நீ வர்றதைப் பார்த்ததும் எடுத்துடுவேன். திடீர்னு வந்தா எங்க உட்காருவே?"

அந்த அறுபது நாள் கெடுவில், இந்த நாட்டில் எனக்கென்று நிச்சயமாக இருந்த இடம் அது ஒன்றுதான்.