‘வருந்துகிறோம்’ வருந்தாத நாள்

உலகத்தில் எத்தனையோ பேர் செய்தி வாசித்திருக்கிறார்கள். நேற்று வாசித்தது தப்பு என்று சொல்வதற்காகவே மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் ‘வருந்துகிறோம்’. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். காரைக்குடியில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் உள்ளூர் கேபிள் சேனல் இருந்தது. சேனல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, ஒரு கேமரா, பின்னால் ஒரு நீலத் துணி. கீழே கடையில் அண்டா உருண்டால் செய்தியில் கேட்கும். முதலாளி மீரான் பாய், துபாயிலிருந்து திரும்பி வந்தவர். கேமராவைப் பார்த்துக்கொள்வதும் ஜவுளிக்கடை விளம்பரம் வாசிப்பதும் அங்கே இருந்த ஒரே பெண்ணான என் வேலை. மாலை ஏழு மணிச் செய்தியை ‘வருந்துகிறோம்’ வாசிப்பார்.

அதற்கு முன் அவர் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். ஒரு பத்திரிகையில் மணமகன் பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறிப்போனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாராம். முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் கைகூப்பி, “மாப்பிள்ளை சின்னவருதாங்க” என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். தப்பை ஒப்புக்கொள்வதில் அன்றைக்குப் பிடித்த ருசி, இன்றுவரை விடவில்லை.

எங்கள் செய்தி இப்படித்தான் தொடங்கும். “வணக்கம். நேற்று மழை வரும் என்றோம். வரவில்லை. வருந்துகிறோம். நாட்டரசன்கோட்டை தேர் காலை பத்து மணிக்கு நிலைக்கு வந்தது என்றோம். பத்தேகால். வருந்துகிறோம்.” மக்களுக்குச் செய்தியைவிட இதுதான் பிடித்தது. திருத்தம் முடிந்ததும் பாதி வீடுகளில் சீரியலுக்கு மாற்றிவிடுவார்கள்.

ஒருநாள் வலையபட்டியில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார் என்று யாரோ போனில் சொன்னதை நம்பி வாசித்துவிட்டார். மறுநாள் காலை ஒரு ஆட்டோ வந்து நின்றது. காலமானவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

“என்னையச் சாகடிச்சது யாருப்பா?”

“நான்தான் அப்பச்சி. உக்காருங்க. காப்பி சாப்புடுறீகளா?”

“செத்தவனுக்கு எதுக்குக் காப்பி?” என்றவர், காப்பி வந்ததும் குடித்தார்.

அன்று மாலை அவரையே கேமரா முன்னால் உட்கார வைத்துவிட்டார் ‘வருந்துகிறோம்’. “எப்புடி இருக்கீக அப்பச்சி?” என்று கேட்டார். “முழங்கால் வலிக்குது. மத்தபடி உசுரோடதான் இருக்கேன்” என்றார் பெரியவர். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: “இருபது வருசமாப் பேசாத என் தம்பி, செய்தி கேட்டு அழுதுக்கிட்டே ஓடியாந்தான். நான் நாற்காலியில உக்காந்திருக்கேன். வந்தவனைத் திருப்பி அனுப்ப முடியுமா? சாப்புட வச்சுத்தான் அனுப்புனேன்.”

“அதுக்கும் சேத்து வருந்தணுமா அப்பச்சி?”

“அதுக்கு வேண்டாம். மத்ததுக்கு வருந்துனாப் போதும்.”

எல்லாத் தப்பும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. ஒரு அடைமழை மாலையில், கண்மாய்க் கரை உடைந்துவிட்டது என்று ஒரு போன். அவர் உடனே வாசித்துவிட்டார். பள்ளத்துத் தெருக்காரர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கரை உடையவே இல்லை. ஓட்டத்தில் ஒரு புரோட்டா மாஸ்டர் சேற்றில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போனேன். மாஸ்டர் திட்டவில்லை. “டீவியில சொல்றாகன்னா நெசமாத்தான் இருக்கும்னு ஓடுனேன்ணே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் ‘வருந்துகிறோம்’ தாங்கியிருப்பார். அன்றைய திருத்தத்தை அவரால் முடிக்க முடியவில்லை. நான் துணிக்கடை விளம்பரத்தைப் போட்டு மறைத்தேன்.

பொய்ச் செய்தி பரப்பியதாக அரசாங்க நோட்டீஸ் வந்தது. வேறு ஆளாக இருந்தால் அதை மடித்து டிராயரில் போட்டிருப்பார். இவர் அதை மேலே இருந்த ந.க. எண்ணிலிருந்து அடியில் இருந்த ‘நகல்’ வரைக்கும் முழுதாகச் செய்தியில் வாசித்தார். வாசித்துவிட்டு, “இந்த நோட்டீஸ் நியாயமானது. ஏற்றுக்கொள்கிறோம். இரண்டாவது வரியில் ‘ஒளிபரப்பு’ என்பது ‘ஒழிபரப்பு’ என்று அச்சாகியிருக்கிறது. அதற்கு அரசு சார்பில் நாம் வருந்துகிறோம்” என்றார். மீரான் பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு தன் கண்ணால் பார்க்காத எதையும் வாசிப்பதில்லை என்று முடிவு செய்தார். ஒரு பழைய மொபெட் வாங்கினார். மொபெட் போகாத ஊரில் எதுவுமே நடக்கவில்லை என்பது எங்கள் சேனலின் கொள்கையாகிவிட்டது. யாராவது செத்துப்போனால் துக்க வீட்டுக்கே போய், கிட்டத்தில் நின்று பார்த்து, வீட்டு ஆளிடம் “உறுதிதானுங்களா?” என்று கேட்டுவிட்டு வருவார். இரண்டு வீடுகளில் அடி விழ இருந்தது.

அந்த மொபெட்டில்தான் ஒருநாள் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனார். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரே தெருவில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்ததை நேரில் பார்த்தார். குழாயில் வந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து என் மூக்கில் காட்டினார். நான் மதியம் சாப்பிடவில்லை. மருத்துவம் பார்த்த டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டார். மாலையில், “அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்” என்று வாசித்தார்.

மறுநாள் மதியமே அரசு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு உத்தரவைக் கொடுத்தார். குடிநீர் சுத்தமானது. செய்தி பொய். இன்று மாலையே மறுத்து வருத்தம் தெரிவிக்காவிட்டால் சேனலை மூட வேண்டும்.

மீரான் பாய் எங்களையும் அழைத்துக்கொண்டு, உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி கோபக்காரர் இல்லை. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

“உங்களுக்கு இது புதுசு இல்லையே. தினமும் வருந்துறீங்க. இன்னைக்கும் ஒரு தடவை வருந்திட்டா முடிஞ்சுது.”

“தப்பா இருந்தா வருந்துறேன் சார். எதை வச்சுத் தப்புங்கிறீக?”

“எங்க ஆளுங்க சோதிச்சுட்டாங்க.”

“தண்ணி விடுறது நீங்க. சோதிக்கிறதும் நீங்க. பொய்யின்னு தீர்ப்புச் சொல்றதும் நீங்கதான். ஒரு இடத்துலயாவது வேற ஆளு வேணாமா?”

“அப்ப கண்டதையும் சொல்லிட்டுப் போகலாமா? கண்மாய் விசயத்துல ஒருத்தருக்குக் கால் போச்சே.”

‘வருந்துகிறோம்’ மெதுவாகச் சொன்னார்: “அதுக்கு நீங்க நோட்டீஸ் விட்டீக. தலை குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். வேணும்னா இன்னொண்ணும் குடுங்க, வாங்கிக்கிறேன். இதுக்கு முடியாது சார். இன்னைக்கு நான் மறுத்துட்டா, அந்தத் தெருவுல அடுப்பை அமத்திட்டுத் தண்ணியைக் குடிச்சுருவாக.”

அன்று ஏழு மணிக்கு மேசையில் அந்த உத்தரவு இருந்தது. கேமராவுக்குப் பின்னால் மீரான் பாய் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். வாசிக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ‘வருந்துகிறோம்’ வணக்கம் சொன்னார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நேற்றுச் சொன்ன செய்தியில் பிழை இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இன்று திருத்தம் ஏதும் இல்லை.”

விளம்பரம் போட மறந்து, நான் கேமராவை அவர் மேலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் அரசு ஆட்கள் வந்து ஒளிபரப்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் திரை கறுப்பாகக் கிடந்தது. பிறகு ஒரு நிபந்தனையோடு பெட்டிகள் திரும்பி வந்தன: செய்தி கிடையாது, பாட்டும் விளம்பரமும் மட்டும். மீரான் பாய்க்குக் குடும்பம் இருந்தது. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதார். ‘வருந்துகிறோம்’தான் அவர் முதுகைத் தடவிவிட்டு, “விடுங்க பாய், எனக்கும் தொண்டைக்கு ஓய்வு வேணும்” என்றார்.

அடுத்த மாதம், அந்த டாக்டர் அனுப்பியிருந்த தண்ணீருக்கு வெளியூர் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது உண்மை. சத்தமில்லாமல் குழாயை மாற்றினார்கள். அதற்காக யாரும் எங்கேயும் வருந்தவில்லை. அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்து, “டீவியில வர்ற அண்ணன் எங்குட்டு இருக்காக?” என்று கேட்டாள். செய்தி நின்றதிலிருந்து அவர் வருவதில்லை. இனி வரமாட்டார் என்பதை விட்டுவிட்டு, “இன்னைக்கு வரலை” என்று மட்டும் சொன்னேன்.

பொய்ச் செய்திக்குக் கடிவாளம் போடுவது பற்றி இப்போது டீவியில் தினமும் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். எனக்கு அவரிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. போன மாதம் நாட்டரசன்கோட்டைக்குப் போனேன். அங்கே தன் தங்கை வீட்டில் இருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் பதினொன்றிலிருந்து அவரை நீக்கிவிட்டார்களாம்.

“என்ன செஞ்சீக?”

“சுக்குக் கஷாயம் குடிச்சா சர்க்கரை வியாதி போயிரும்னு மச்சான் போட்டாரு. போகாதுன்னேன்.”

பொய்ச் செய்திக்கு எதிராகச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டேன்.

“வேணும் தாயி. மாஸ்டர் இன்னும் விந்தி விந்தித்தான் நடக்கிறாரு. வேணாம்னு எந்த வாயால சொல்லுவேன்? ஆனா எது பொய்யின்னு முடிவு பண்ற நாற்காலியில, அந்தச் செய்தியால அடிபட்ட ஆளே உக்காந்துறக் கூடாது. அது அரசாங்கமா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி. அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது.”

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. மூன்று மணி பஸ்ஸை விட்டேன். நாலு மணி பஸ்ஸையும் விட்டேன். ஐந்து மணி பஸ்ஸுக்கு என்னை நிறுத்தத்தில் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதையும் விட்டிருக்கலாம்.