ஹவுஸ் ஓனரின் வாசல்

மரக்காணம் முழுக்க அலசினாலும் அவருடையதைப் போல ஒரு வீட்டைப் பார்க்க முடியாது. நாலு அறை, விறாந்தை, குசினி என்று அவர் சொல்லும் சமையலறை, கிணறு, ஒரு கொய்யா மரம். அந்த வீட்டில் இல்லாதது இரண்டே இரண்டுதான், சுவரும் கூரையும்.

பசங்களா, உப்பளத்தில் வேலை செய்கிற நாங்கள் அவரை ஹவுஸ் ஓனர் என்றுதான் கூப்பிடுவோம். ஹவுஸ் ஓனர் படுப்பது ஈசிஆர் ரோட்டு பஸ் ஸ்டாப்பில். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், சித்திர வாத்தியாராக இருந்தவர். உங்கள் பேர் என்ன என்று கேட்டால், "என்ர வீட்டுக் கேற்றில எழுதிக் கிடக்கு, போய்ப் பாரும்" என்பார்.

ஒரு கரித்துண்டு கிடைத்தால் போதும், கையில் அகப்பட்டதில் எல்லாம் வரைவார். ஒருமுறை எங்கள் உப்பள மேஸ்திரியின் முகத்தை உப்பு மூட்டையில் அச்சு அசலாக வரைந்துவிட்டார். அந்த மூட்டை லாரி ஏறிப் போய்விட்டது. "என் மூஞ்சி எந்த ஊர்ல எறங்கிச்சோ, எவன் அது மேல ஏறி உக்காந்தானோ" என்று மேஸ்திரி ஒரு மாதம் புலம்பினார்.

வருஷா வருஷம் உப்பு சீசன் முடிந்ததும் பாத்திகள் காய்ந்து கிடக்கும். மழைக்கு முன்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளில்தான் அவர் வீடு கட்டுவார். டீக்கடை அடுப்புச் சாம்பல், ஒரு கயிறு, ஒரு அளவு குச்சி. அவ்வளவுதான் சாமான். பாத்தித் தரையில் சாம்பலால் கோடு போட்டு, ஊரில் விட்டுவந்த வீட்டை அதே நீளம், அதே அகலத்தில் வரைவார். வரைந்து முடித்தால் அது வீடு. யாராக இருந்தாலும் வாசல் வழியாகத்தான் வரவேண்டும்.

எங்களோடு வேலை செய்யும் முனியம்மா அக்கா, தலையில் சோத்துக்கூடையோடு ஒருநாள் குறுக்கே நடந்துவிட்டது.

"பிள்ளை, சுவருக்குள்ளால எங்க போறீர்?"

"இன்னா சுவரு பெரியவரே, சாம்பல்தான இருக்குது?"

"வாசலால வாரும்."

அக்கா முறைத்துப் பார்த்தது. பிறகு இருபது அடி திரும்பி நடந்து, வாசலில் நுழைந்து, குசினி வழியாக வெளியே போனது. மறுநாளிலிருந்து நாங்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருநாள் ஆடு ஒன்று சாமியறையில் படுத்துவிட்டது. அதைத் துரத்த எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. ஆடு எங்கே வேண்டுமானாலும் ஓடத் தயார். ஆனால் அவர் அதை வாசல் வழியாகத்தான் விடுவேன் என்றார்.

குசினி ரெண்டு அங்குலம் கூடிவிட்டது என்று ஒரு தடவை முழு வீட்டையும் அழித்தார்.

"ரெண்டு அங்குலம்தானே, பல்லிகூட கண்டுக்காது" என்றார் மேஸ்திரி.

"உறுதி எழுதேக்க பல்லியை ஆர் கேட்டது? ஒரு அங்குலம் பிழைச்சாலும் உறுதி செல்லாது."

உறுதி என்றால் அவர்கள் ஊரில் வீட்டுப் பத்திரம். அவருடைய பத்திரம் அவரிடம் இல்லை. ஏன் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே சண்டை நடந்தபோது ராணுவம் வந்து, ஒரு மணி நேரத்தில் ஊரைக் காலி பண்ணச் சொன்னது. அடுப்பில் சோறு, அலமாரியில் பத்திரம். அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஊரைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். சண்டை முடிந்தும் அவர் வீட்டுப் பக்கம் அந்த வேலியை எடுக்கவில்லை. படகில் இங்கே வந்தவர், அகதி முகாமில் மனைவியைப் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு வேறு எந்தக் கூரையின் கீழும் அவர் குடியிருக்கவில்லை.

மழை வரும்போதெல்லாம் நான் கூப்பிடுவேன். "எங்கூட்டுக்கு வந்துடுங்க பெரியவரே. இருமல் வேற வாங்குது."

"எனக்கு வீடு இருக்கு தம்பி. அதில வேற ஆக்கள் இருக்கினம், அவ்வளவுதான்."

இவரை வைத்து டாக்குமெண்டரி எடுக்க, கேமராமேனைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கேமராமேன் வந்த வேகத்தில் படுக்கையறைச் சுவரை மிதித்தான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் பேச்சே ஆரம்பித்தது.

"ஐயா, நீங்க ஊரை விட்டு வந்த அந்த நாளைப் பத்தி..."

"முதல்ல செருப்பைக் கழட்டும் பிள்ளை."

இரண்டு மணி நேரம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். "எங்கட வாசல்ல நிண்டா நேரா கடல் தெரியும்" என்று சொன்னபோதுகூடக் குரல் மாறவில்லை. கேமராமேன் முணுமுணுத்தான். "மேடம், இவரு அழவே மாட்டேங்குறாரு."

அவர் காதில் விழுந்துவிட்டது. "வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கேக்க வீட்டுக்காரன் அழுறதோ?"

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டை மேலே இருந்து முழுசாகப் படம் எடுக்க வேண்டும். இனிமேல் அந்தப் படம்தான் அவருக்குப் பத்திரம். ட்ரோனை எடுத்து வைக்கும்போதே கிழக்கே, கடல் பக்கம், கறுத்துக்கொண்டு வந்தது. ட்ரோன் மேலே ஏறியது. முதல் தூறல் விழுந்தது. அவர் விறாந்தையில் நிமிர்ந்து நின்றார். முனியம்மா அக்கா குடையோடு ஓடிப்போய், வாசலில் நின்று, "உள்ள வரட்டுமா பெரியவரே?" என்று கேட்டது. சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் தண்ணீர்.

ரெண்டு மாதம் கழித்து, அடைமழைக்கு நடுவே, அந்தப் பெண் லேப்டாப்போடு வந்தாள். எங்கள் கொட்டகையில் எல்லோரும் முண்டியடித்துப் பார்த்தோம். மேலே இருந்து பார்த்தால் அது நிஜ வீடு. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. தினமும் நாங்கள் நுழைந்த வாசல்தான், அங்கே நிற்கும்போது தோன்றவில்லை.

"பெரியவரே, வாசல் கடலைப் பாத்து இருக்கும்னு சொன்னீங்க. இதுல கடலு பின்னாடி இருக்குது. வாசல் நம்ம கொட்டாயைப் பாத்துல்ல இருக்குது?"

மேஸ்திரிக்குக் கொண்டாட்டம். "ரெண்டு அங்குலத்துக்கு வீட்டையே இடிச்ச ஆளு. அப்ப உறுதி செல்லாதே?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார்.

"தெரிஞ்சுதான் கீறினனான். கடல் பக்கத்தால என்னட்ட ஆர் வருவினம்? நீங்கள் வாற பக்கம்தானே வாசல் இருக்கோணும். செல்லாட்டி விடுங்கோ."

மேஸ்திரி அதற்கப்புறம் சிரிக்கவில்லை. வெளியே மழை வலுத்தது. வழக்கம்போல நான் கூப்பிட்டேன். வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"உம்மட வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார்.

மூன்று மழைக்காலம் எங்கள் வீட்டில் இருந்தார். இப்போது அவர் இல்லை. அந்தப் பாத்தியில் நாங்கள் உப்பு வாருகிறோம். எவ்வளவு அவசரமானாலும் நான் மட்டும் அவர் படுக்கையறைச் சுவரைத் தாண்டுவதில்லை.