காட்டுக்கும் ஓம், கடலுக்கும் ஓம்

அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களின் பட்டியலை முதலிலேயே தந்துவிடுகிறேன். பிறகு ஒருவரும் "நான் அங்கே இருக்கவில்லை" என்று தப்பக் கூடாது. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மேஸ்டர் பிரேபன். தொழிற்சங்கப் பிரதிநிதி கிர்ஸ்டன் என்ற பெண்மணி. பெயின்ட் அடிக்கும் ஓலே. கந்தோரில் கணக்கு எழுதும் இங்கர். கடைசியாக நான்: கதிரைக் கால்களைத் தேய்த்து மினுக்குகிறவன்.

எண்பத்தாறாம் ஆண்டு, டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ஒரு மரக் கதிரைத் தொழிற்சாலை. கோடையில் எல்லோரும் சேர்ந்து பிக்னிக் போவார்கள். எங்கே போவது, என்ன தின்பது என்பதையெல்லாம் தொழிலாளர்களே கூடித் திட்டமிட வேண்டும் என்பது அந்த நாட்டு ஒழுங்கு. "புது ஆள் ஒருத்தரும் குழுவில இருக்கட்டும்" என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாத்தியார் கேள்வி கேட்டால் மேசைக்குக் கீழே பென்சில் தேடுகிறவன். என்னிடம் போய் அபிப்பிராயம் கேட்டால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. என் ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது பிரேபன் கையில். அவர் கிர்ஸ்டனிடமும் ஒரு வார்த்தை கேட்பார். வேலை நிரந்தரமானால்தான் ஒரு வீடு எடுக்கலாம். வீடு எடுத்தால்தான் மன்னாரில் இருக்கும் மனைவியைக் கூப்பிடலாம். அவள் அங்கே ஷெல் சத்தத்துக்குள் இருந்தாள். நான் இங்கே பிக்னிக்குக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காடுதான்" என்றார் பிரேபன். "ஸ்கோவ்டூர் எண்ட சொல்லிலேயே காடு இருக்கு." (டேனிஷில் பிக்னிக்குக்குப் பெயரே 'காட்டுப் பயணம்'.)

"அது வெறும் சொல்லு. கடற்கரைக்குப் போவம்" என்றார் கிர்ஸ்டன்.

வாக்கெடுப்பு நடந்தது. காட்டுக்கு பிரேபனும் இங்கரும் கை தூக்கினார்கள். மேஸ்டர் என்னையே பார்ப்பது போல இருந்தது. தூக்கினேன். கடலுக்கு கிர்ஸ்டனும் ஓலேயும் தூக்கினார்கள். இப்போது கிர்ஸ்டன் என்னையே பார்ப்பது போல இருந்தது. தூக்கினேன்.

இங்கர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "ஐஞ்சு பேர், ஆறு வாக்கு" என்றார். (எங்கள் நாட்டுத் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன குறை என்று விளங்கவில்லை.)

"அப்ப யோ முடிவு செய்யட்டும். வெள்ளிக்கிழமைக்கிடையில சொல்லு" என்றார் பிரேபன்.

யோசப் என்ற என் பெயரை அவர்கள் 'யோ' ஆக்கியிருந்தார்கள். டேனிஷில் 'யோ' என்றால் ஒருவகை 'ஓம்', அதாவது 'ஆமாம்'. பெயரே அப்படி என்றால் நான் என்ன செய்ய?

என்னோடு அறையில் இருந்த மரியதாஸ் அண்ணை எனக்கு ஒரு வருடம் முன்னே வந்தவர். ஆகவே டென்மார்க்கைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். அவரிடம் ஓடினேன்.

"அண்ணை, எங்க போறது எண்டு என்னட்டைக் கேக்கிறாங்கள்."

"விசரா, அது சோதனையடா. முதலாளி கேட்டா உள்ளதைச் சொல்லுறதே? அவருக்கு என்ன விருப்பமோ அதைச் சொல்லு."

"அவர் காடு எண்டுறார். யூனியன்காரி கடல் எண்டுறா."

"நாங்கள் காட்டுக்கும் கடலுக்கும் பயந்து ஓடி வந்திருக்கிறம், இவங்கள் லீவெடுத்துக்கொண்டு அங்க போறாங்கள்!" அண்ணை சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்து யோசித்தார். "ரெண்டு பேருக்கும் ஓம் எண்டு சொல்லு. ஆனால் தனித்தனியாச் சொல்லு."

சொன்னேன். புதன்கிழமை பிரேபனிடம் "காடு, நல்லது." வியாழக்கிழமை கிர்ஸ்டனிடம் "கடல், நல்லது." வெள்ளிக்கிழமை குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நடுங்கினேன். வெளிப்படவில்லை. தோற்றவர் மனம் நோகக் கூடாதென்று இருவருமே மற்றவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. (எங்கள் ஆட்கள் என்றால் வென்றவர் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருப்பார்.) பிரேபன் தேய்க்கும் பகுதிக்குக் காடு என்று அறிவித்தார். கிர்ஸ்டன் பெயின்ட் பகுதிக்குக் கடல் என்று அறிவித்தார். சாப்பாடு பிரேபன் பொறுப்பு, பியர் கிர்ஸ்டன் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காட்டில் இருபது பேர், சொசேஜோடு. கடற்கரையில் இருபது பேர், பியரோடு. நடுவில் ஆறு கிலோமீட்டர்.

"பியர் எங்க?" என்று பிரேபன் மூன்றாம் முறை கேட்டபோது, வளர்ந்த ஆண்கள் செத்தவீட்டு முகத்தோடு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் பாத்துக்கொண்டு வாறன்" என்று சைக்கிளில் ஏறினேன். கடற்கரையில் ஒரு பெட்டி பியரைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்து, "கிர்ஸ்டன் கொஞ்சம் சுணங்குவா, பிந்தித்தான் வருவா" என்றேன். பிறகு ஒரு பை சொசேஜோடு கடற்கரைக்குப் போய், "பிரேபன் கொஞ்சம் சுணங்குவார்" என்றேன். இப்படியே இரண்டு தரம் போய் வந்தேன். அன்றைக்கு டென்மார்க்கில் என்னைவிட உழைத்த அகதி இல்லை.

மூன்றாம் தரம் ஒரு இறக்கத்தில் சைக்கிள் சரிந்தது. நுரைக்கு நடுவில், உடைந்த போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு தெருவில் இருந்தேன். காட்டுப் பக்கமிருந்து ஒரு கார் வந்து நின்றது, பிரேபன். கடல் பக்கமிருந்து ஒரு கார் வந்து நின்றது, கிர்ஸ்டன்.

"யோ, நீ எங்க போறாய்?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஓம்" என்றேன்.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் இருந்தார்கள். கண்ணுக்குள் மனைவியின் முகம் வந்து நின்றது.

"மெய்யாச் சொல்லு" என்றார் பிரேபன். "உனக்கு எங்க போக விருப்பமாயிருந்தது?"

வேலை போய்விட்டது, இனி எதற்குப் பொய்? "ஒரு இடமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு நித்திரை கொள்ளத்தான் விருப்பம்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஆறு மாசத்தில இவன் சொன்ன முதல் அபிப்பிராயம்" என்றார் கிர்ஸ்டன். "கதிரைக் கால் நல்லாத் தேய்க்கிறான். அபிப்பிராயமும் வரத் தொடங்கியிருக்கு. வச்சிருப்பம்." பிரேபன் கடதாசியில் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரம்! கூடவே பிக்னிக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: யோவை இனி எந்தக் குழுவிலும் போடக் கூடாது. ஐந்து வாக்கு, எதிர்ப்பு இல்லை. நான் மனதார அளித்த ஒரே வாக்கு அதுதான்.

அடுத்த வருடம் மனைவி வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலேயே மரியதாஸ் அண்ணை கதை முழுவதையும் அவளுக்குச் சொல்லிவிட்டார், தன் ஆலோசனையை மட்டும் விட்டுவிட்டு. அவள் மூலம் அது ரண்டர்ஸ், விபோர்க் என்ற தூரத்து ஊர்கள் வரைக்கும் போய்விட்டது. இன்றைக்கும் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் என்னிடம் மட்டும் "தேத்தண்ணியோ, கோப்பியோ?" என்று கேட்க மாட்டார்கள். "அவருக்கு ரெண்டும்" என்று மனைவி சொல்ல, இரண்டு கோப்பை வந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். ஒன்றை மிச்சம் விட்டால் யார் மனம் நோகுமோ என்று நானும் இரண்டையும் குடித்துவிடுவேன்.

எனக்குக் கோப்பி பிடிக்காது. இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.