மதிப்பெண் இல்லாத கேள்வி

தச்சநல்லூர்,
18.8.1997

சிரஞ்சீவி மைத்துனன் குமரகுருபரனுக்கு, உன் அத்தான் சிவசண்முகம் மிகுந்த அன்புடனும் கொஞ்சம் பயத்துடனும் எழுதுவது. இவ்விடம் நலம். நலமில்லை என்று தொடங்கும் கடிதத்தை நான் பார்த்ததில்லை என்பதால் அப்படி எழுதியிருக்கிறேன்.

உன் அக்காள் கோமு கோபித்துக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்கு உன் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தாலும் வரிசையாகச் சொல்லியிருக்க மாட்டாள். தொலைக்காட்சி வினாடி வினாவில் நான் தொடர்ந்து பதினோரு வாரம் வென்றது நீ அறிந்ததே. எனக்கு முன்னால் யாரும் ஐந்தைத் தாண்டவில்லையாம். சாதனை என்றார்கள், ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வாசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்பதுதான் உண்மை. பதினோராம் வார முடிவில், நிகழ்ச்சி நடத்தும் அனுராதா என்ற பெண், "இதுக்கு மார்க் கிடையாது சார். உங்க மனைவிக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு என்ன?" என்று சிரித்தபடி கேட்டது. பொலிவியாவுக்குத் தலைநகர் இரண்டு; அதைக் கேட்டிருந்தால் இரண்டையும் சொல்லியிருப்பேன். யோசித்தேன். மணி அடித்துவிட்டது. "அடுத்த கேள்வி" என்றேன்.

ஒளிபரப்பான அன்று எங்கள் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. கோமு எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் மளிகைக்கடை தேவசிகாமணி அண்ணாச்சி, "என்ன சார்வாள், நைல் நதி எங்கன ஓடுதுன்னு தெரியுது. வீட்டு அடுப்படியில என்ன நடக்குன்னு தெரியலியே வே?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும், குமரா? நான் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதானே அவள் உட்காருவாள். கல்யாணமான நாள் முதல் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஆகவே பார்த்துவிடுவது என்று நாற்காலியை அடுக்களை வாசலில் போட்டேன். அவள் கூச்சப்படக் கூடாதென்று முகத்துக்கு நேரே தினசரியை விரித்து, மேல்விளிம்பு வழியாகக் கவனித்தேன். "என்னத்துக்கு இப்படி பாக்கிய? சோறு எறங்க மாட்டேங்கு" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஆனாலும் விடாமல் கவனித்ததில், தினமும் ஆறிய சோறு, மோர், சட்டியின் அடியில் கிடந்த குழம்பு. அதுவே விடை என்று முடிவுசெய்து தொலைக்காட்சிக்குத் தபாலில் அனுப்பினேன். தவறான விடையைத் திருத்தாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பெண் அதை நிகழ்ச்சியில் வாசித்து, எனக்குக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்துவிட்டது.

கோமு டிவியை அணைத்தாள். சத்தம் போடவில்லை. "மிஞ்சினதத்தான் திங்கேன். அதுக்குப் பேரு பிடிச்சதா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு உன் ஊர்ப்பக்கம் போகும் அம்பை பஸ் ஏறிவிட்டாள்.

நான் படித்திருக்க வேண்டியது அந்த ஒரு கேள்விக்குத்தான். இப்போது நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன். நிறைய மிஞ்சுகிறது. ஆகவே, அவள் எதை இரண்டாம் தடவை போட்டுக்கொள்கிறாள் என்று பைய, தெரியாத மாதிரிப் பார்த்து எழுது. அதைச் சமைக்கக் கற்றுக்கொண்டு அழைத்துப்போக வருகிறேன். வருவாளா என்றும் எழுது.

உன் மனைவி மதுமதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நெல்லையப்பர் உங்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் சாப்பிட வைக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சிவசண்முகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கோமு வந்து இறங்கிவிட்டாள். டிவியில் பார்த்ததிலிருந்து நீங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அவள் தட்டையே பார்க்கிறீர்களாம். "அங்கன ஏழு பேரு பாக்காவ. இங்கன ஒருத்தர்தான, சமாளிச்சுக்கிடலாம்" என்கிறாள். எனவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டும் அனுப்புகிறேன். அடுக்களையில் ஏதோ வறுபடுகிறது. என்னவென்று நான் கேட்கவில்லை. இரண்டு தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது. "வாங்க, சேந்தே சாப்புடுவோம். ஆனா என் தட்டப் பாக்கக் கூடாது" என்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.